வெறும் பெடலுக்கு எட்டு

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் நூத்திருபது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வந்த கதை சின்னது. அவள் புருஷன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி போட்டுக் கொடுக்கிற தொழில். அந்தக் கம்பியைச் சுற்றுவது அக்காவின் வேலை. கைச்சக்கரத்தில் அச்சை மாட்டி, வலது கையால் சுழற்றி, இடது கை விரலிடுக்கில் கம்பியை ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எண்ணிக்கை தவறினால் மோட்டார் சூடேறும், வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து கத்துவார். அதனால் எண்ணும்போது எந்த ராஜா வந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். ஒரு தடவை அவள் நாலு நாள் படுத்து எழுந்து கடைக்கு வந்தபோது, எதிர்க்கடைக்காரர் அக்கறையாக வந்து, "உடம்பு இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார். "நூத்திருபது," என்றாள் அக்கா. "அய்யய்யோ, அவ்வளவு காய்ச்சலா?" என்று அந்த மனுஷர் பதறிப்போனார். அன்றோடு சொந்தப் பெயர் போயிற்று.

புருஷனை மோட்டார்காரர் என்பார்கள். அவருக்கு மூலதனமே காதுதான். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே என்ன கோளாறு என்று கழற்றாமலே சொல்லிவிடுவார். "பேரிங் காஞ்சு கெடக்கு." "ரெண்டு குண்டு தேஞ்சு போச்சு." "தண்ணி ஏறியிருக்கு." நம்பாமல் வேறு கடையில் பிரித்துப் பார்த்தவர்கள் அசடு வழிந்துகொண்டு திரும்பி வந்ததுண்டு. இருபத்தாறு வருஷம் இப்படி ஓடியது. அவர் கேட்பார், அவள் எண்ணுவாள். கடையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது கம்மி. அதனால் சண்டையும் கம்மி.

ஒரு நாள் காலையில் அவர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டே, "இந்த மோட்டார் என்னமோ கோணலா பேசுது," என்றார். மோட்டார் நேராகத்தான் பேசிக்கொண்டிருந்தது. கோணிப்போயிருந்தது அவர் வாய். அக்கா அப்போது அறுபத்து மூன்றாவது சுற்றில் இருந்தாள். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று சுற்றிக்கொண்டே இருந்தாள். எண்பதில் ஸ்க்ரூடிரைவர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மனுஷர் சுவரோரமாகச் சரிந்து கிடக்கிறார். பக்கவாதம். அந்தப் பதினேழு சுற்றால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள், ஆனால் தன்னை மன்னிக்கவில்லை.

வாய் மூன்றாவது வாரம் நேரானது. கை இரண்டாவது மாதம் வந்தது. விரல்களும் மெல்ல மெல்ல மடங்கின. கால் மட்டும் வரவில்லை. இடது கால். தொட்டால் தெரியும், கிள்ளினால் வலிக்கும், "அசைங்க" என்றால் மட்டும் யாரோ மூன்றாம் மனிதரிடம் சொல்வது போல அது பாட்டுக்குக் கிடக்கும். அவர்கள் குடியிருந்தது கடைக்கு எதிரே இரண்டாம் மாடி, முப்பத்து நாலு படி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் மூட்டை தூக்குகிற அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து அவரை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். ஒரு காலத்தில் நாற்பது கிலோ மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர்ப் படிகளையெல்லாம் ஏறியவர் அவர். நாற்காலியில் இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். வழியில் எதிர்ப்படும் குடித்தனக்காரர்கள் விசாரித்தால் தூங்குவது போல இருந்துவிடுவார்.

பிசியோதெரபி நிலையத்தில் இருந்தவரை அந்தக் கட்டடத்தில் எல்லாரும் கால் டாக்டர் என்றார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அவர்தான் மெஷினைப் பற்றிச் சொன்னார். சைக்கிளில் சீட்டும் இல்லாமல் சக்கரமும் இல்லாமல் பெடலை மட்டும் பிடுங்கி வைத்தது போல ஒரு பெட்டி. நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பெடலில் வைத்துக் கட்டினால், உள்ளே இருக்கிற மோட்டார் காலைச் சுற்றும்.

"சும்மா சுத்தறதுக்கு இல்லைம்மா," என்றார் கால் டாக்டர். "கால் கொஞ்சம் மிதிச்சா மோட்டாருக்குப் பாரம் குறையும். எவ்வளவு குறையுதுன்னு மெஷின் பாத்து, நூத்துக்கு இத்தனை உங்க கால் செஞ்சதுன்னு நம்பர் காட்டும். நல்ல காலை கீழ பலகைல வச்சிடுங்க, அது திருட்டு வேலை பண்ணும். இந்தக் கால் மட்டும் மிதிக்கட்டும்."

"எத்தனை வந்தா நடப்பார்?" அக்காவுக்கு எதையும் எண்ணில் கேட்டால்தான் மனசு அடங்கும்.

"பத்து வந்தா எனக்கு நம்பிக்கை வரும். ஏழாம் மாசம் ரிவ்யூ. அதுக்குள்ள ஒண்ணும் வரலன்னா, எங்க அனுபவத்துல, அப்புறம் வர்றது அபூர்வம்."

மெஷினை வாடகைக்கு எடுத்து வீட்டுக்கு வந்தார்கள். கொண்டுவந்து வைத்தவன் வெறும் பெடலை ஒரு நிமிஷம் ஓடவிட்டு ஒரு பட்டனை அழுத்தினான். "செட் ஆயிடுச்சு. உள்ள எதையும் திறக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். நம்பர் தெரிகிற கண்ணாடியில் ஒரு மஞ்சள் மூஞ்சி படமும் வரும். ஐந்துக்குக் கீழே இருந்தால் வாய் கோடாக இருக்கும், ஐந்தைத் தாண்டினால் சிரிக்கும். மோட்டார்காரர் முதல் நாளே அதற்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டார். ஏனென்றால் அது சிரிக்கவே இல்லை. இரண்டு. மூன்று. இரண்டு. எப்போதாவது நாலு. காலை அறுநூறு சுற்று, சாயங்காலம் அறுநூறு சுற்று. அக்கா தரையில் உட்கார்ந்து எண்ணுவாள். மெஷினே எண்ணிக் காட்டும், இருந்தாலும் எண்ணுவாள்.

"இந்த மோட்டார் மேல எனக்குப் பொறாமையா இருக்கு," என்பார் அவர். "சொன்ன பேச்சு கேக்குது பாரு."

இதற்கு நடுவில் வேறொரு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் ஒரு வீடு பார்த்தாள். தரைத்தளம். வாசலில் படி கிடையாது, சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். முன்னறை தெருவைப் பார்த்தபடி அகலமாக இருந்தது. "அந்த ரூம்லயே கைச்சக்கரத்தைப் போட்டுக்கலாம்பா. அம்மா சுத்தட்டும், நீங்க உக்காந்த இடத்துலேர்ந்தே மோட்டாரைப் பாருங்க. கை வந்திடுச்சுல்ல? அது போதாதா?" என்றாள் போனில். மகள் கெட்டிக்காரி. அப்பாவின் பிடிவாதம் தெரிந்தும் பேசினாள்.

"கை வந்த மாதிரி காலும் வரும். ரிவ்யூ வரைக்கும் பொறு," என்றார் அவர்.

"வீட்டுக்காரர் அது வரைக்கும் பொறுக்கணுமே."

"பொறுக்கச் சொல்லு."

ஆக, விஷயம் இதுதான். கால் வந்தால் பழைய கடை, பழைய படி, பழைய வாழ்க்கை. வராவிட்டால் அந்த முன்னறை. இரண்டில் ஒன்று. அக்காவைக் கேட்டால் முன்னறையே போதும் என்பாள். ஆனால் அவரைப் பார்த்து அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பதினோரு வாரம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் இன்னும் எழுந்திருக்காத நேரம், அக்கா வீட்டைக் கூட்டித் துடைத்தாள். மெஷினையும் துடைத்தாள். துடைக்கும்போது பெடலைக் கையால் சுற்றினாள், கரகரவென்றது. திறக்காதே என்று சொன்னவன் யாரிடம் சொன்னான்? காயில் கடையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவளிடம். பக்கவாட்டு மூடியின் இரண்டு திருகைக் கழற்றினாள். பேரிங்கில் ஒரு விரல் கிரீஸ் வைத்து, நாலு தரம் சுற்றிவிட்டு மூடினாள். வீட்டைத் துடைப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும் அவளுக்கு. கையைக் கழுவிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு அவரை உட்காரவைத்துக் காலைக் கட்டினாள். அவள் முப்பதில் இருந்தபோது அவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. எண்ணாத. சத்தத்தைக் கேளு."

கேட்டாள்.

"பாரம் எறங்கியிருக்கு. மோட்டார் லேசா ஓடுது, கேக்குதா?" அவர் கை கண்ணாடியைக் காட்டியது. "நம்பரைப் பாரு, நம்பரைப் பாரு!"

பதினொன்று. உம்மணாமூஞ்சி சிரித்துக்கொண்டிருந்தது.

வேறு யாராவது நோயாளி என்றால் நம்பரை மட்டும் பார்த்திருப்பான், மெஷினாவது மண்ணாங்கட்டியாவது என்று ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். இவருக்கு அந்தச் சந்தேகமும் வரவில்லை. இவர் காதால் கேட்டுவிட்டாரே! மோட்டாரின் மேலிருந்து பாரம் இறங்குகிற சத்தத்தை ஆயிரம் தடவை கேட்ட காது. அது பொய் சொல்லாது. அன்றைக்கும் அது பொய் சொல்லவில்லை, பாரம் இறங்கியது நிஜம். இறக்கியது தன் கால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். வேறு எதை நினைப்பார்? மூன்று மாதமாக ஒரு மனுஷன் ராப்பகலாக வேண்டிக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தானே. அக்காவுக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கிரீஸ் வைத்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. காலையில் பல் தேய்த்ததை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

கால் டாக்டருக்குப் போன் போட்டார்கள். "அப்படியா! ரொம்ப சந்தோஷம். ரிவ்யூல பாத்துடுவோம்," என்றார். அந்த வாரம் முழுக்கப் பதினொன்றுதான், ஒரு நாள் பன்னிரண்டு. மோட்டார்காரர் தானே சவரம் செய்துகொண்டார். எதிர்க்கடைக்காரரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, "என் கடைப் பலகைய தொடச்சு வைப்பா," என்று சத்தம் போட்டார். அந்த வார இறுதியில் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, வீட்டுக்காரர் நாளைக்குள்ள பதில் கேக்கறார். வேற ஆளு காத்துக்கிட்டிருக்காங்களாம்."

"வேணாம்னு சொல்லிடு. உங்கப்பன் நடந்து வந்து உன் வீட்டுக் கதவைத் தட்டுவான்."

"நிஜமாவாப்பா? அம்மாகிட்ட குடுங்க. அம்மா, நீ சொல்லு. விட்டுடட்டுமா?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். ஏழெட்டு வயசு குறைந்திருந்தது. "விட்டுடும்மா," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் பழைய கதையெல்லாம் சொன்னார். ஒரு தடவை கால் வைத்த பலகை வழுக்கி, சாக்கடைக்குள் மோட்டாரோடு விழுந்த கதையைச் சொல்லும்போது இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல நாட்கள்தான். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வாரம் நம்பர் பத்துக்கு இறங்கியது. அவருக்கு முகம் வாடிவிட்டது. "ராத்திரி சரியா தூங்கலை, அதான்," என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரத்தில், பெடலில் முடி கிடி சுற்றியிருக்குமோ என்று அக்கா மூடியைத் திறந்தாள்.

உள்ளே மூடியின் பின்பக்கம் ஒரு சின்னக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து. கடைப் பழக்கம் அது. எந்த மோட்டாருக்குக் கிரீஸ் வைத்தாலும் தேதி எழுதி உள்ளே ஒட்டிவிட வேண்டும், அடுத்த தடவை திறக்கிறவனுக்குத் தெரிய. எழுதியதும் ஒட்டியதும் கை செய்த வேலை, புத்திக்குத் தெரியாது. தேதியைப் படித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை.

நம்பர் பதினொன்றான அதே நாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு மூடியை மாட்டினாள், ஒயரைச் செருகினாள், மெஷினை ஓடவிட்டாள். பெடலில் கால் இல்லை. யாருடைய காலும் இல்லை. வெறும் பெடல் காற்றில் சுற்றியது. அவள் முழங்காலில் நின்று கண்ணாடியைப் பார்த்தாள்.

எட்டு. மஞ்சள் மூஞ்சி பல் தெரியச் சிரித்தது.

அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். எட்டு. எட்டு எட்டாகவே நின்றது. கழித்துப் பார்க்க அவளுக்கு விரல் வேண்டாம். பத்தில் எட்டு போனால் இரண்டு. பதினொன்றில் எட்டு போனால் மூன்று. முதல் நாள் என்ன வந்ததோ அதுதான் இன்றைக்கும். கால் ஒரு மயிரிழை கூட முன்னால் வரவில்லை. காய்ந்த பேரிங் இழுத்த இழுப்பைத்தான் அந்த மெஷின் முதல் நாளில் கணக்கு வைத்திருந்தது. இழுப்பு போனதும், போனதையெல்லாம் அவர் காலின் பேரில் எழுதிவிட்டது. அக்கா வைத்த ஒரு விரல் கிரீஸ்தான் மூன்று வாரமாக அந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த மூஞ்சியை ஓங்கி அறையலாம் போல இருந்தது அவளுக்கு. அறையவில்லை. உள்ளறையில் அவர் குறட்டை விடுகிற சத்தம் கேட்டது. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அந்த வீடு இன்னும் இருக்கா?" என்று மகளிடம் கேட்டாள்.

"எந்த வீடும்மா? ஓ, அதுவா? போன வாரமே குடி வந்துட்டாங்களே. ஏம்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

"அப்பா எப்படி இருக்கார்? இன்னிக்கு எவ்வளவு வந்துச்சு?"

"பத்து."

"சூப்பர்ம்மா," என்றாள் மகள்.

ரிவ்யூவுக்குப் பதிமூன்று நாள் இருந்தது. அந்தப் பதிமூன்று நாளும் அக்கா பட்ட பாடு நாய் படாது. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பாள். காலைக் கட்டுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்து மிதிப்பார், நெற்றியில் வேர்வை வழியும். "வருது பாரு, தொடைல ஒரு துடிப்பு தெரியுது," என்பார். அவள் தொடையில் கை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. "ஆமாங்க," என்பாள். ஒரு நாள் துணிந்து, "என்னங்க, இந்த மெஷின் நம்பரை ரொம்ப நம்ப வேண்டாமே," என்று ஆரம்பித்தாள். "நம்பரை யாரு நம்பினா? நான் என் காதைல்ல நம்பறேன்," என்றார் அவர். அவள் குனிந்து காலைக் கட்டிய பட்டையை இறுக்கினாள்.

ரிவ்யூ நாள் வந்தது. அண்ணனும் தம்பியும் வந்து நாற்காலியைத் தூக்கினார்கள். அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை.

"நல்லா பாத்துக்கங்கடா, இதுதான் கடைசி. அடுத்த தடவ உங்க ரெண்டு பேரையும் நான் தூக்கிட்டு எறங்கறேன்," என்றார்.

"அப்ப கூலியையும் நீங்களே வாங்கிக்கங்கண்ணே," என்றான் தம்பிக்காரன். மூன்று பேரும் சிரித்தார்கள். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த அக்கா படிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பத்து நாலும் சரியாக இருந்தன.

நிலையத்தில் இருந்த மெஷினும் அதே மாதிரிதான், கொஞ்சம் பெரிசு. கால் டாக்டர் முதலில் வெறும் பெடலை ஓடவிட்டு ஒரு பட்டனை அழுத்தினார். பிறகு காலைக் கட்டினார். "ஆரம்பிக்கலாங்களா, ஐயா? நல்லா மிதிங்க."

மிதித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

மூன்று.

"இன்னொரு தடவ."

இரண்டு.

கால் டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். "வீட்ல பதினொண்ணு வந்ததா சொன்னீங்க?"

"பன்னெண்டு கூட வந்துச்சு. உங்க மெஷின் சரியில்லை சார்," என்றார் மோட்டார்காரர். கோபமில்லை, தொழில்காரன் தொழில்காரனிடம் பேசுகிற குரல். "பேரிங் இறுகியிருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தா குடுங்க, நான் சொல்றேன்."

தேடிப்பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மெஷினை நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை மேல் தூக்கி வைத்து ஓடவிட்டார்கள். அவர் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடினார். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் கோலத்தில் அக்கா இப்போதுதான் அவரைப் பார்க்கிறாள். வெகு நேரம் கேட்டார். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"பேரிங் நல்லா இருக்கு," என்றார் மெதுவாக. பிறகு, "சார், காலைக் கட்டறதுக்கு முன்னாடி சும்மா ஓட்டி ஒரு பட்டனை அமுக்கினீங்களே, அது எதுக்கு?"

"மெஷினோட சொந்த இழுப்பைக் கழிச்சிடணுங்க. இல்லைன்னா அதையும் சேத்துத் தப்பா காட்டும். ஒவ்வொரு ஆளுக்கும் செய்வோம்."

"எங்க வீட்ல கொண்டாந்து வச்ச அன்னிக்கு மட்டும்தான் செஞ்சான்."

"வீட்ல அது போதுங்க. உள்ள எதையும் தொடாத வரைக்கும் மாறாது."

மோட்டார்காரர் ஸ்க்ரூடிரைவரை மடியில் வைத்துக்கொண்டார். அக்காவின் பக்கம் திரும்பினார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கிரீஸ் வச்சியா?"

"வச்சேன்."

"எப்ப?"

"அந்த செவ்வாக்கெழம காலைல." அவளால் அவரைப் பார்க்க முடியவில்லை. "காஞ்சு கரகரன்னுச்சு. கை தானா போயிடுச்சுங்க. எனக்கு ஞாபகமே இல்லை. அப்புறம் ஒரு நாள் திறந்தப்ப சீட்டைப் பாத்தேன்."

"தேதி போட்டு ஒட்டினியா?"

"ஒட்டினேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை. "சரியாத்தான் செஞ்சிருக்க," என்றார். "காஞ்ச பேரிங்கைப் பாத்துட்டு சும்மா விட்டிருந்தா நீ என் கடைல வேலை பாத்தவளே இல்லை."

அக்கா அங்கேயே உடைந்து அழுதாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கால் டாக்டர் நல்ல மனுஷர். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். ஏழு மாதமாக அசைவு இல்லாத கால் என்றார், இனி அதை எதிர்பார்த்துக் காத்திருக்கச் சொல்ல தனக்கு மனசு வரவில்லை என்றார். கணுக்கால் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டைக்கு அளவெடுத்தார். சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுத்தார். மெஷினை நிறுத்த வேண்டாம் என்றார்.

"எதுக்கு சார் அது இனிமே?" என்றார் மோட்டார்காரர்.

"மூட்டு இறுகிப்போகாம இருக்கணும்ல, ஐயா. நீங்க மிதிக்க வேண்டாம். மோட்டாரே சுத்திக்கும். கால் சும்மா கூடப் போனா போதும்." கடைசியில் எழுந்திருக்கும்போது சொன்னார்: "கூடிய சீக்கிரம் கீழ் வீடா பாத்துக்கங்க. படி இல்லாம."

கீழ் வீடு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

திரும்பும்போது அண்ணனும் தம்பியும் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாய் திறக்காமல் தூக்கினார்கள். பதினெட்டாவது படியில் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். மோட்டார்காரர் கண்ணை மூடியிருந்தார்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றார், அப்படியே.

"பதிமூணு நாளா."

"சொல்லியிருக்கலாம்ல."

"எப்படிங்க சொல்ல?"

நாற்காலியை மறுபடி தூக்கியபோது, "ஆமா," என்றார். "எப்படிச் சொல்லுவ."

சாயங்காலம் அவரே நாற்காலியை மெஷின் பக்கம் நகர்த்தச் சொன்னார். "வெறுமனே ஓட்டு முதல்ல. அந்தப் பட்டனை அமுக்கு," என்றார். அவள் வெறும் பெடலை ஓடவிட்டாள். எட்டு வந்தது, மூஞ்சி சிரித்தது. பட்டனை அழுத்தினாள். பூஜ்யமாகி வாய் கோடானது. அவர் காலைத் தூக்கிப் பெடலில் வைத்து மூன்று பட்டையையும் கட்டினாள். அந்தக் கால் கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார், எதிரே கடைப் பலகை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. மோட்டார் ஓட ஆரம்பித்தது. சத்தம் அருமையாக இருந்தது, ஒரு பிசிறு கிடையாது.

அக்கா தரையில் உட்கார்ந்து எண்ணினாள். நடுவில் போன் அடித்தது, மகள். என்ன சொன்னார்கள் என்று கேட்பாள். கீழ் வீடு வேறு ஏதாவது இருக்கிறதா பார் என்று சொல்ல வேண்டும், எந்த முகத்தோடு சொல்வது? அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை அடித்து ஓய்ந்தது. கால் மேலே வந்தது, கீழே போனது, மேலே வந்தது.

"எத்தனை ஆச்சு?" என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள். எண்ணிக்கை இல்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் எண்ணிக்கையைத் தவறவிட்டிருந்தாள். எங்கே விட்டாள் என்றும் தெரியவில்லை.

"நூத்திருபது," என்றாள்.

முந்நூறு தாண்டியே வெகு நேரம் ஆகியிருந்தது. அது அவர் காதுக்குத் தெரியாமல் இருக்காது. அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"சரி," என்றார்.